சவுண்ட் கார்டு மாற்றணுமா? கேள்வி-பதில்

கம்ப்யூட்டர் ஒலி சம்பந்தமாக வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் கையில் பணத்தோடு கடைக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வீட்டு டெஸ்க்டாப்பைத் தூசி தட்டிச் சுத்தம் செய்யக் கடையில் கொடுத்து வாங்கினோம். வந்ததிலிருந்து ஹெட்போனில் சத்தமே இல்லை. திரும்பக் கொண்டுபோனால், "சவுண்ட் கார்டு போர்டிலேயே இருக்கு, அது போயிடுச்சு, மதர்போர்டு மாற்றணும், ஆறாயிரம் ஆகும்" என்கிறார்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சுத்தம் செய்யப் போகும் வரை பாடிய கம்ப்யூட்டர், திரும்பி வந்ததும் ஊமையானது என்றால் முதல் சந்தேகம் கேபினெட்டைத் திறந்தவர்கள் மேல்தான் விழவேண்டும்.

கேபினெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் ஹெட்போன் துளையிலிருந்து உள்ளே ஒரு ஒயர் போகும். அதன் முனையில் உள்ள சின்னக் கறுப்பு கனெக்டர், மதர்போர்டின் ஓரத்தில் ஒன்பது ஊசிகள் உள்ள இடத்தில் சொருகியிருக்க வேண்டும். தூசி தட்டும்போது அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறப்பது சாதாரணமாக நடப்பதுதான். கழற்றிப் பார்க்கத் தயக்கமாக இருந்தால், ஹெட்போனைக் கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் பச்சைத் துளையில் சொருகிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் சவுண்ட் சிப் நன்றாக இருக்கிறது. அதே கடைக்குப் போய், "முன்பக்க ஆடியோ ஒயரை மாட்டிக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பின்பக்கமும் மௌனம் என்றால், டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் இருந்தால் விண்டோஸ் சில சமயம் மானிட்டரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்ளும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. அதுவும் சரியாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனத்தை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே டிரைவரை (அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளை) திரும்பப் போட்டுக்கொள்ளும். பிறகு மதர்போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கமே போகவேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" முறையில் திறந்து ஏதாவது பாட்டை ஓடவிடுங்கள். அங்கே சத்தம் வந்தால் கோளாறு விண்டோஸில். அங்கேயும் வரவில்லை என்றால் சிப் போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் மதர்போர்டு மாற்றவேண்டியதில்லை! சில நூறு ரூபாய்க்கு பென்டிரைவ் அளவில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. சொருகினால் வேலை முடிந்தது. ஆன்லைன் வகுப்பு, யூடியூப், படம் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும்.

கேள்வி (மதுரை): ப்ளூடூத் ஹெட்செட் வாங்கினேன். யூடியூபில் உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றன. கேம் விளையாடினால் துப்பாக்கிச் சத்தம் லேட்டாக வருகிறது. டவுன்லோடு செய்த படங்களிலும் வசனம் பின்தங்குகிறது. மீட்டிங்கில் மைக் ஆன் செய்தால் எதிராளி குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. ஹெட்செட் டூப்ளிகேட்டா?

பதில்: ஒரிஜினலாகவே இருக்கலாம். ப்ளூடூத்தின் குணமே அதுதான். ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, ஹெட்செட்டில் கொஞ்சம் சேர்த்து வைத்து, விரித்துக் கொடுப்பதற்குள் 150 முதல் 250 மில்லி வினாடி வரை போய்விடும். எஸ்பிசி என்ற அடிப்படைக் கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கும் முறையில், இது சகஜம். தாமதம் எவ்வளவு என்று தெரிந்தால் பிரவுசர் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி ஈடு கட்டிவிடும். கேம் அப்படிச் செய்ய முடியாது. நீங்கள் சுடும் நேரம் அதற்கு முன்கூட்டித் தெரியாதே.

ஒலி சற்றுப் பின்தங்குவதை நம் காது பொறுத்துக்கொள்ளும். ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கை இறங்கிய பிறகுதானே சத்தம் நமக்கு வருகிறது? ஒளிபரப்புக்கான சர்வதேச அளவுகோலும் இதையே சொல்கிறது: ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 வரை தெரியாது. உங்கள் ஹெட்செட் அந்த எல்லையைத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

படத்துக்கு மருந்து எளிது. விண்டோஸில் விஎல்சி பிளேயரைத் திறந்து 'ஜே' பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலி 50 மில்லி வினாடி முன்னால் வரும். அதிகமாகிவிட்டால் 'கே' பின்னுக்கு இழுக்கும். கேமுக்கு ஒயர் ஹெட்போன், அல்லது தனி யூஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் சொருகும் சின்ன ரிசீவர்) வரும் வயர்லெஸ் ஹெட்செட். அந்த டாங்கிளை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் சொருகாதீர்கள். யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுத்து ஒலி விட்டு விட்டு வரும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

கிணற்றுக் குரலுக்கு வருவோம். ஹெட்செட்டின் மைக்கைத் திறந்ததும் ப்ளூடூத் தரமான ஸ்டீரியோ முறையிலிருந்து போன் பேசும் முறைக்கு மாறிவிடுகிறது. மீட்டிங் மென்பொருளில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக மட்டும் ஹெட்செட்டையும் தேர்ந்தெடுங்கள். குரல் தெளிந்துவிடும்.

கேள்வி (கோவை): என் மகள் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். மிடி கீபோர்டு வாங்கி கம்ப்யூட்டரில் இணைத்தோம். கட்டையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுரம் கேட்கிறது, எரிச்சலாகி அழுகிறாள். கடையில் "கேமிங் சவுண்ட் கார்டு போடுங்க சார்" என்றார்கள். இன்னொருவர் பதினைந்தாயிரத்துக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: கேமிங் சவுண்ட் கார்டு நிச்சயமாக வேண்டாம். இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வெளிப்பெட்டி, பிறகு தேவைப்படலாம், இன்று தேவையில்லை.

மிடி கீபோர்டு ஒலியை அனுப்புவதில்லை. "இந்தக் கட்டை, இவ்வளவு அழுத்தம்" என்ற செய்தியைத்தான் அனுப்புகிறது. அது நொடிப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடும். ஒலியை உண்டாக்குவது கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள். உண்டான ஒலி பஃபர் என்ற இடைக்கிடங்கில் நிரம்பி, அப்புறம்தான் ஸ்பீக்கருக்குப் போகும். தாமதம் முழுக்க அங்கேதான். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் துளி அளவீடுகள்) என்ற கணக்கில், பஃபர் 1024 மாதிரிகள் என்றால் 23 மில்லி வினாடி. 128 என்றால் 3 மில்லி வினாடி. அதோடு விண்டோஸின் எம்எம்இ என்ற பழைய ஒலிப் பாதையில் போனால் மொத்தம் 100 மில்லி வினாடியைச் சாதாரணமாகத் தாண்டும். குழந்தை அழுவதில் தப்பில்லை.

ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஆசியோ என்ற டிரைவர் முறை இந்தச் சுற்றுப் பாதையைத் தவிர்க்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் சாதாரண ஒலிச் சிப்புக்கு அப்படிப்பட்ட டிரைவர் பெரும்பாலும் வராது. ஆனால் 'ஆசியோ ஃபார் ஆல்' என்ற இலவச மென்பொருள் அந்த வேலையை ஓரளவு செய்யும். அதை இன்ஸ்டால் செய்து, இசை மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுத்து, பஃபரை 256-ல் தொடங்குங்கள். சரியாக வாசித்தால் 128-க்கு இறக்குங்கள். படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்தால் ஒரு படி மேலே ஏற்றுங்கள். அந்த எல்லைதான் உங்கள் கம்ப்யூட்டரின் தாக்குப்பிடிக்கும் சக்தி.

ரொம்பவும் இறக்க மெனக்கெட வேண்டாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே கிட்டத்தட்ட 3 மில்லி வினாடி ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைத்து வாசித்தால் 9 மில்லி வினாடி தானாகவே சேர்கிறது, யாரும் கவலைப்படுவதில்லை. மொத்தத் தாமதம் பத்துப் பன்னிரண்டுக்குள் வந்தாலே மகள் சிரித்துவிடுவாள். ஒன்று மட்டும் பாருங்கள்: ஸ்பீக்கர் ப்ளூடூத் ஸ்பீக்கராக இருந்தால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. ஒயர் போட்ட ஹெட்போன் கொடுங்கள்.

பின்னாளில் பாடிப் பதிவு செய்யும் ஆசை வந்தால் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாமல், வாங்கும் முன் அந்தக் கம்பெனி தளத்துக்குப் போய் அந்த மாடலுக்கென்று சொந்த ஆசியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றுக்கு "ஆசியோ ஃபார் ஆல் போட்டுக்கொள்ளுங்கள்" என்றே எழுதியிருப்பார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறதே! டைரக்ட் மானிட்டர் என்ற பட்டனும் இருக்கவேண்டும். பாடுபவர் குரலைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பாமல் நேராக ஹெட்போனுக்குக் கொடுப்பது அதுதான். தாமதப் பேச்சுக்கே இடமிருக்காது. மூன்றாவது, 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம். கண்டென்சர் என்ற ஸ்டூடியோ வகை மைக்குகளுக்கு அது வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டூடியோ மைக்கைக் கம்ப்யூட்டரின் ரோஸ் நிறத் துளையில் சொருகிவிட்டு "இரைச்சல்தான் வருகிறது" என்று புலம்புகிறவர்கள் நிறைய. அந்தத் துளையில் வருவது சில வோல்ட்தான். மைக் பாவம்.

கேள்வி (மயிலாடுதுறை): வெளிநாட்டு மாணவிகளுக்கு ஆன்லைனில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். தம்பூரா பெட்டி ஒலி அவர்களுக்குப் போவதே இல்லையாம். சேர்ந்து பாடினால் தாளம் தப்புகிறது. நல்ல சவுண்ட் கார்டு வாங்கினால் தீருமா?

பதில்: தீராது அம்மா. தம்பூராவை விழுங்குவது மீட்டிங் மென்பொருள். ஒரே சீராக ஒலிக்கும் எதையும் அது மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். ஜூம் செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று உண்டு, அதை ஆன் செய்யுங்கள். எதிரொலி வராமலிருக்க இரு பக்கமும் ஹெட்போன் போடவேண்டும்.

சேர்ந்து பாடுவதை மறந்துவிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போவதற்கு மட்டுமே 65 மில்லி வினாடி. தாளம் இழுக்க 30 மில்லி வினாடித் தாமதமே போதும். எந்த சவுண்ட் கார்டும் பூமியைச் சுருக்காது. மாணவி தன் பக்கத்திலேயே சுருதி வைத்துக்கொண்டு, நீங்கள் பாடி முடித்ததும் பாடட்டும். தாளத்தையும் அவரே போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி (ஈரோடு): லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் "உய்ங்ங்" என்று ஓசை. கழற்றினால் நின்றுவிடுகிறது.

பதில்: பெரும்பாலும் எர்த் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், ஸ்பீக்கர் ஒயருக்கு நடுவில் மாட்ட, இந்த இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சார்ஜரின் எர்த் பின்னை உடைத்து விடுவது மட்டும் கூடாது. கரண்ட் போனபோது மட்டும் இரைந்தால், வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவில் அது வராது.

கேள்வி (சேலம்): "7.1 சவுண்ட்" என்று போட்டிருந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டை ஆன்லைனில் வாங்கினேன். வந்து பார்த்தால் ஒரு ஹெட்போன் துளை, ஒரு மைக் துளை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஒரே ஸ்டீரியோ துளையில் எட்டு சேனல் தனித்தனியாக வராது. சில நூறு ரூபாய்க்கு விற்பவை எல்லாம் இரண்டு சேனலில் சுற்றொலி போல ஜாலம் காட்டுபவை. முதலில் பொருள் விவரப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். எங்காவது 'விர்ச்சுவல்' (நிஜமல்ல, அதுபோலத் தோன்றுவது) என்று இருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான், சின்ன எழுத்தில் இருந்தாலும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, விற்றவருக்கும் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பல சமயம் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். அதற்கு மேல், உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். சில நூறு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. 1915 வரைக்கும் அவசியம் போங்கள். பில்லையும் பார்சல் அட்டையையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.