தங்க இலை தாழ்ந்த நாள்

அன்புள்ள ஐயா,
தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவின் சமன்பாடு மனப்பாடம். ஆனால், வெளிச்சத்தைக் கூட்டினால் எலக்ட்ரானின் வேகம் ஏன் கூடுவதில்லை? ஒளி அலையா, துகளா? “வாய்பாட்டைப் போட்டால் மதிப்பெண் வரும், அது போதும்” என்கிறார் துணைப்பாட ஆசிரியர். போதுமா?
ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

போதாது. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அலையா துகளா என்பதை இப்போதைக்கு ஓரமாக வை.

சென்ற வாரம் என் பழைய செய்முறைக் குறிப்பேடு கையில் கிடைத்தது. எங்கள் ஆசிரியை துத்தநாகத் தகடு ஒன்றை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து மின்னூட்டத்தைக் காட்டும் கருவியான மின்காட்டியின் தலையில் வைத்தார். எதிர் மின்னூட்டம் கொடுத்ததும் தங்க இலை விரிந்து நின்றது. கண் கூசும் மேசை விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார், இலை அசையவில்லை. சின்னப் புறஊதா விளக்கைக் காட்டினார், தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேற இலை மெல்லத் தாழ்ந்தது. நடுவே புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடித் துண்டைப் பிடித்தார், இலை அப்படியே நின்றுவிட்டது. அன்று அவர் கரும்பலகையில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

ஓர் ஒளித்துகள், ஓர் எலக்ட்ரான். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில், அட்டையில் பணம் போதாத நூறு பேர் நின்றாலும் கதவு திறக்காது. நூறு பேர் பணத்தையும் அது கூட்டிப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தைக் கூட்டுவது ஆள்களைக் கூட்டுவது. ஒருவர் கையிலுள்ள பணம் கூட வேண்டுமானால் அதிர்வெண் கூட வேண்டும். பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணை அதிர்வெண்ணால் பெருக்கினால் வரவு. உலோகத்தைவிட்டு வெளியேறும் ஆற்றல் செலவு. எலக்ட்ரானின் அதிகபட்ச இயக்க ஆற்றல் மிச்சம். வரவு செலவு தெரிந்த உனக்கு இதில் மனப்பாடம் எதற்கு?

1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய இந்தக் கணக்கை அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் நம்பவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இதனோடு மல்லுக்கட்டினார். வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி வைத்துச் சோடியத்தின் மேற்பரப்பைச் சீவிச் சீவி அளந்தார். எங்கள் ஆசிரியை உப்புத்தாளால் தேய்த்ததும் அதே காரணத்துக்குத்தான்: ஆக்சைடுப் படலம் இருந்தால் உலோகம் உண்மையைச் சொல்லாது. 1916இல் அளவுகள் ஐன்ஸ்டைன் பக்கமே நின்றன. ஒளித்துகளை ஏற்க மனமில்லாமலேயே அதை வெளியிட்டார் அந்த மனிதர். நீயோ ஒருமுறைகூடச் சந்தேகப்படாமல் மனப்பாடம் செய்திருக்கிறாய், பிள்ளை!

சோடியத்தின் செலவு ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் ஒரு சிறிய அலகு). ஊதா ஒளித்துகளின் வரவு 3.1, மிச்சம் 0.8. சிவப்பின் வரவு 1.8தான். கழித்துப் பார், எதிர் எண் வரும். அந்த எதிர் எண் என்ன சொல்கிறது என்று வாய்பாடு இல்லாமல் ஒரே வாக்கியத்தில் எனக்கு எழுது.