மர்ஃபி: ஒரே பெயர், பல குடும்பங்கள்

கேள்வி: எங்களுடையது சென்னையில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸுக்கு வந்த மர்ஃபி என்ற அயர்லாந்துச் சிப்பாயே எங்கள் மூதாதை. மர்ஃபிகள் எல்லாரும் கிழக்கு அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதியை ஆண்ட அரச வம்சத்தார் என்று சொல்லி ஓர் இணையக் கடை குலச்சின்னம் விற்கிறது. அதை நம்பலாமா? எங்கள் பூர்விக ஊரை எப்படித் தேடுவது?

பதில்: குலச்சின்னத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அயர்லாந்தில் சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுவதே தவிர, ஒரு பெயரைத் தாங்கிய அனைவருக்கும் பொதுவானதன்று.

அயர்லாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் மர்ஃபிதான். 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட கணிப்பில் 62,600 பேருடன் அது முதலிடம் பெற்றது. 'கடல் வீரன்' என்ற பொருளுடைய பழைய ஆண்பெயர் ஒன்றைத் தாங்கிய வெவ்வேறு முன்னோர்களின் பெயரால், வெக்ஸ்ஃபோர்ட், டைரோன் முதலிய பகுதிகளில் இக்குடும்பங்கள் தனித்தனியே தோன்றின. இன்று மர்ஃபிகள் மிக அடர்த்தியாக வாழ்வது தெற்கே கார்க்கில். வெக்ஸ்ஃபோர்ட் மர்ஃபிகள் லென்ஸ்டர் அரச குலத்தின் ஒரு கிளையினர் என்பது உண்மையே. ஆனால், 1171-இல் இறந்த லென்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோவின் நேர் வாரிசுகள் காவனா, கின்செல்லா என்ற பெயர்களைத் தாங்கினார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து அரச உறவு கோருவதற்கு இடமில்லை. ஊர் தெரிந்தால்தான் குடும்பம் தெரியும்.

தேடலை அயர்லாந்தில் அன்று, மதராஸில் தொடங்குங்கள். மதராஸ் மாகாணத் தேவாலயங்களிலிருந்து அனுப்பப்பட்ட திருமுழுக்கு, திருமணப் பதிவுகளின் நகல்கள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் படைப்பிரிவை அவற்றில் தேடலாம். அது கிழக்கிந்தியக் கும்பெனியின் படையா, பிரிட்டிஷ் அரசின் படையா என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் கும்பெனிச் சிப்பாய்களின் ஆவணங்கள் அதே நூலகத்திலும் மற்றவர்களுடையவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. கியூவில் கிடைக்கும் பணிவிடுப்புத் தாள்களில் பிறந்த பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), அருகிலுள்ள நகரம், மாவட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கும். உங்கள் தேடலின் திறவுகோல் அந்த ஒரு வரிதான்.

பங்கின் பெயர் கிடைத்தபின், அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கும் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைப் பாருங்கள். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் எரிந்துபோயிற்று, அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஒரே பங்கில், எடுத்துக்காட்டாக, பல பேட்ரிக் மர்ஃபிகள் தென்பட்டால், தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் ஞானப் பெற்றோரின் பெயர்களையும் ஒப்பிடுங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரும் வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்ததால், சிப்பாய் தம் மகன்களுக்கு மதராஸில் இட்ட பெயர்களும் அவருடைய தந்தை யார் என்று கணிக்க உதவும்.