இஸ்தோப்பு வெளிச்சம்

அன்புள்ள அண்ணன்,

கொழும்பில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். பழைய கெனன் கமரா ஒன்றை, கூடவே வரும் 18-55 லென்ஸோடு வாங்கி ஆறு மாதமாகிறது. தீபாவளிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பின்னால் மலை தெரியட்டும் என்று லயத்து வரிசை வீட்டு வாசலில் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். மலையும் தெரியவில்லை, வானம் வெள்ளைத்தாள் மாதிரி, முகமெல்லாம் கரி. அப்பாயி அடையாள அட்டைக்கு நிற்பது போல நிற்கிறார். தங்கச்சி போனில் எடுத்ததே நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். 50 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? பொங்கலுக்கு மறுபடி கூடுவோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லென்ஸ் காசை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். அது நல்ல லென்ஸ்தான், எனக்கும் பிடித்த லென்ஸ். ஆனால் உங்கள் கமராவில் அதைப் போட்டு எட்டுப் பேரை ஒரு வரிசையில் அடக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 அடி பின்னால் போக வேண்டும். லயத்து வாசலில் 30 அடி பின்னால் போனால் தண்ணீர்க் கானுக்குள் விழுவீர்கள், இல்லாவிட்டால் கீழ் லயத்துக் கூரையில் நிற்பீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா அறைக்குள் அந்த லென்ஸால் ஒருவரை, மிஞ்சினால் இருவரை, இடுப்பு வரைக்கும் எடுக்கலாம். உங்களிடம் இருக்கிற 18-55 லென்ஸின் வளையத்தை 35க்கு மேல் திருப்பி வைத்துக்கொண்டாலே போதும். அகலமாகப் பார்க்கிற 18இல் வைத்துக் கிட்டப் போய் எடுத்தால்தான் மூக்குப் பெருத்து, ஓரத்தில் நிற்கிற மாமா அகலமாகிப் போவார்.

தங்கச்சியின் போன் ஜெயித்ததற்கும் காரணம் இருக்கிறது. போன் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் தானே கலந்து கொடுக்கும். கமரா அந்த வேலையெல்லாம் செய்யாது. மஞ்சு மூடிய வானத்தைப் பார்த்து ‘இங்கே வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணி முழுப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. பிளஸ் மைனஸ் போட்ட பொத்தானை அழுத்தி ஒரு படி கூட்டியிருந்தால் முகங்கள் வந்திருக்கும், வானம் இன்னும் வெளுத்திருக்கும். மலை எங்கேயும் போகாது, அதைத் தனியாக எடுங்கள்.

நான் சொல்ல வருவது இஸ்தோப்பைப் பற்றி, லயத்து வீட்டின் முன் திண்ணை. மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வானம். பட்டணத்து ஸ்டூடியோக்காரர் குடையும் விளக்கும் வைத்து உண்டாக்குகிற வெளிச்சம் நம் வீட்டு வாசலில் சும்மா கிடக்கிறது. அப்பாயியை வாசலுக்கு ஓரடி உள்ளே, வெளியே பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். நீங்கள் வெளியே நின்று, வெளிச்சத்தை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். உள்ளே எரிகிற பல்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். கமராவில் இருக்கிற பிளாஷ் வேண்டவே வேண்டாம். கூரையில் பட்டுத் திரும்பும் என்று நானும் ஒருமுறை தனிப் பிளாஷ் வாங்கிக்கொண்டு போனேன். அடுப்புப் புகையில் கறுத்த தகரத்தில் எந்த வெளிச்சம் திரும்பும்?

இந்த வெளிச்சத்தின் அருமை தெரிந்த ஒருவர் நம் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 48. அதற்கு முன் அவர் தொழிலாகப் படம் எடுத்தவர் அல்ல. இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார், கரி போடும் அறையை இருட்டறை ஆக்கினார். வீட்டு ஆட்கள், வேலைக்காரப் பெண், வந்த விருந்தாளி என்று யாரையும் விடவில்லை. ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைக்குப் பலர் கேலி செய்தார்கள். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. ஹட்டனில் பஸ் மாறினால் போய்விடலாம். போகாவிட்டாலும் அவர் எடுத்த முகங்களை போனில் தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் முகத்தை என்ன செய்கிறது என்று புரியும்.

சரி, அப்பாயி. அவர் விறைத்து நிற்பதை நினைத்து வருத்தப்படாதீர்கள். 1948இல் பிரஜாவுரிமை போய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் யார் அங்கே யார் இங்கே என்று பிரித்த காலத்து ஆட்கள். கமரா முன்னால் நின்றதெல்லாம் விண்ணப்பத்துக்கும் பாஸ்போட்டுக்கும்தான். அசையாதே, சிரிக்காதே, காது தெரியட்டும் என்று சொல்லி எடுத்த படங்கள். என் அம்மாயி பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் அப்படித்தான் இருந்தார். நான் ஒரு மணித்தியாலம் ‘சிரிங்க, சிரிங்க’ என்று கத்தி, கடைசியில் களைத்துக் கமராவை இறக்கினேன். அவர் பிளேன்டீக் கோப்பையை எடுத்தார், மற்றக் கையால் கருப்பட்டித் துண்டைக் கடித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன, நகத்தோரம் வெடிப்பு. அந்தக் கையைத்தான் எடுத்தேன். முகம் பாதிதான் படத்தில் இருக்கிறது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

அதனால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். வெற்றிலை மடிக்கட்டும், பேத்திக்குத் தலை பின்னட்டும்.

எட்டுப் பேர் படத்துக்குப் பொங்கல் பானையே போதும். பால் பொங்குகிற நேரம் யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள், எல்லாக் கண்ணும் பானையில் இருக்கும். பானைக்கு மறுபக்கம் முன்கூட்டியே போய் நில்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், மலை நிழல் வாசலை விட்டுப் போகாத நேரமாக இருந்தால் நல்லது. லென்ஸின் துவாரம் எஃப் 5.6 அல்லது 8, ஷட்டர் வேகம் 1/125 செக்கனுக்குக் குறைய வேண்டாம், சின்னப் பிள்ளைகள் ஓடினால் 1/250. வெளிச்சம் போதாவிட்டால் கமராவின் வெளிச்ச உணர்வைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றுங்கள், புள்ளி விழும் என்று பயப்படாதீர்கள். எட்டுப் பேரில் ஒருவராவது கண்ணை மூடுவார், தொடர்ந்து ஆறேழு படம் எடுங்கள். தேயிலைக்குள் இறங்கி நிற்க வைக்காதீர்கள். வெயிலில் இலையின் பச்சை தாடைக்குக் கீழே ஏறிவிடும், சித்திகள் பிறகு உங்களோடு பேசமாட்டார்கள்.

அப்பாயி கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்காருவேன் என்றால் உட்காரட்டும். நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், வாசல் வெளிச்சம் கண்ணாடியில் அடித்துக் கண்ணை மறைக்காது.