முகாமில் எண்ணிக்கை எடுக்கும் வேலை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகள் புள்ளியியல் பட்டம் முடிக்கப் போகிறாள். போருக்கும் பூகம்பத்துக்கும் தப்பி வந்தவர்கள் தங்கும் முகாம்களில் நோய்ப்பரவலியல் (நோய் யாரிடம், எங்கே, எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் துறை) வேலைக்குப் போவேன் என்கிறாள். "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அங்கே போய் இவள் என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயமும் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

அவள் அங்கே எண்ணுவாள். யார், எந்த வயதில், முகாமின் எந்தப் பகுதியில், என்றைக்கு நோயில் விழுந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவாள். கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் ஒரு உதாரணம் பாருங்கள். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து 5 முதல் 8 லட்சம் பேர் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி, அப்போது ஜயர் எனப்பட்ட காங்கோவின் கோமா நகரப் பகுதிக்குள் வந்தார்கள். காலராவும் ரத்தக்கழிச்சலும் பரவி, முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள். எரிமலைப் பாறை நிலம் என்பதால் உடல்களைப் புதைக்கக் குழி தோண்ட முடியவில்லை. சாலையோரம் கிடத்திய உடல்களை லாரிகள் எடுத்துப் போயின. அந்த லாரிகளின் கணக்கை வைத்துத்தான் இறப்பு விகிதத்தை மதிப்பிட்டார்கள். இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அவளும் நீங்களும் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுப்பது நல்லது.

இந்தத் துறையில் ஒரு எல்லைக்கோடு உண்டு. 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு இறப்பு என்பதைத் தொட்டுவிட்டால் அவசரநிலை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது இரண்டு. அப்படியானால் 20,000 பேர் உள்ள முகாமில் நாளுக்கு மூன்று பேர் இறப்பது கோட்டைத் தாண்டிவிட்டது. சரி, அங்கே 20,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? உணவுப் பட்டியலில் ஒரே குடும்பம் இரண்டு முறை இருக்கலாம், நேற்று வந்தவர்கள் விடுபட்டிருக்கலாம். கூடாரங்களை எண்ணி, சிலவற்றில் நுழைந்து ஆட்களை எண்ணி, சராசரி பார்த்துப் பெருக்க வேண்டும். அந்த மொத்தம் தவறினால் எல்லா விகிதமும் தவறும். புள்ளியியல் படித்த பெண்ணுக்கு இங்கே மருத்துவர் அளவுக்கே மதிப்பு உண்டு.

எண்ணிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலரா வந்தவர்களின் கூடாரங்களை வரைபடத்தில் குறித்தால், அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிவது தெரியவரலாம். அந்தக் குழாய்க்குக் குளோரின் போகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவுகோலுக்குக் கீழே எந்தப் பகுதி இருக்கிறது என்று பார்த்து, அங்கே முதலில் வேலை நடக்கும். நெரிசலான முகாமில் தட்டம்மைத் தடுப்பூசிக்கு முதல் நோயாளி வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் இருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். காலரா நோயாளிகளில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு எண்களையும் யாரோ பொறுமையாக எழுதி வைத்ததால்தான் உலகம் அந்த முறையை நம்பியது.

படிப்புக்கு வருவோம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, அதில் நோய்ப்பரவலியல் சிறப்புப் பாடம். கூடவே புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) மென்பொருளும், வரைபடம் தயாரிக்கும் கியூஜிஸ் (QGIS) மென்பொருளும் கைக்கு வர வேண்டும். பிரெஞ்சோ அரபோ ஏதாவது ஒரு மொழி தெரிந்தால் கதவுகள் சீக்கிரம் திறக்கும். பட்டம் வாங்கிய கையோடு முகாமுக்குப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. முதலில் இரண்டு வருடமாவது சாதாரண அரசு சுகாதாரத் துறையின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்க்கட்டும். வாரா வாரம் வராத அறிக்கைகளைத் துரத்துவது, அரைகுறைப் பதிவேட்டைச் சரிசெய்வது எல்லாம் அங்கேதான் பழகும். பல நாடுகளில் கள நோய்ப்பரவலியல் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மூன்று மாத அடிப்படை நிலையிலிருந்து இரண்டு வருட உயர்நிலை வரை உண்டு. வேலை செய்துகொண்டே கற்கலாம். முகாம் வேலைகள் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தங்கள். நிரந்தர வேலை எதிர்பார்ப்பவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கும், அதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

அப்புறம் ஆபத்து. மறைக்க மாட்டேன். 2019 ஏப்ரலில் காங்கோவின் புடெம்போவில், எபோலா தடுப்புப் பணியில் இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவலியல் நிபுணர் ரிச்சர்ட் மூஸோகோ, மருத்துவமனையில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். இப்படி நடக்கும் என்று நீங்கள் பயப்படுவதில் தவறே இல்லை. ஆனால் இந்தத் துறையில் எல்லா வேலையும் போர்முனையில் இருப்பதில்லை. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து தரவைப் பார்ப்பவர்களும், சண்டை இல்லாத வெள்ளப் பகுதிகளுக்கு மட்டும் போகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மூன்று கேள்விகளை அவள் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும்: நிலைமை மோசமானால் வெளியேற்றுவது யார் பொறுப்பு, காப்பீடு எதையெல்லாம் ஏற்கும், திரும்பி வந்த பிறகு மனநல உதவி உண்டா. மூன்றாவதை இளைஞர்கள் கேட்பதே இல்லை. குழந்தைகளின் இறப்பை மாதக்கணக்கில் எண்ணிவிட்டு வருகிறவர்களுக்கு அது மிக அவசியம்.

அடுத்த முறை இருவரும் சேர்ந்து வாருங்கள். அவள் பார்த்து வைத்திருக்கும் படிப்புகளின் பாடத்திட்டத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாதிரியெடுப்புக்கும் (சிலரை மட்டும் எண்ணி மொத்தத்தைக் கணிக்கும் முறை) நோய்ப்பரவல் விசாரணைக்கும் எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை நாள் களத்தில் விடுகிறார்கள் என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.