போலந்தில் கலை வரலாறு தனிப் பாடமானது எப்போது? ஆய்வேட்டில் எந்த ஆண்டை எழுதுவது?

கேள்வி: ஐரோப்பாவில் கலை வரலாற்றுக் கல்வி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். போலந்து பற்றிய இயலில் சிக்கிக்கொண்டேன். தொடக்க ஆண்டாக ஒரு நூல் 1866 என்கிறது, இன்னொன்று 1882, மற்றொன்று 1893. எதை எடுத்துக்கொள்வது? மூல ஆவணங்களை இங்கிருந்தபடியே பார்க்க வழி உண்டா?

பதில்: 1882 என்று எழுதுங்கள். கிராக்கோவ் நகரின் யாகியெலோனியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுக்கென்று தனி இருக்கை (நிரந்தரப் பேராசிரியர் பதவி) அமைந்த ஆண்டு அது. அதில் அமர்ந்தவர் மரியான் சொகொவோவ்ஸ்கி. மற்ற இரண்டு ஆண்டுகளும் தவறல்ல, அவை குறிப்பது வேறு. 1866-இல் அதே பல்கலைக்கழகத்தில் யூசெஃப் வெப்கோவ்ஸ்கிக்குக் கிடைத்தது தொல்லியல் இருக்கை. அன்றைய தொல்லியலில் அகழ்வில் கிடைத்த பொருள்களோடு இடைக்காலத் தேவாலயங்களும் சிற்பங்களும் அடங்கும். அதனால்தான் சிலர் கணக்கை அங்கிருந்து தொடங்குகிறார்கள். 1893 என்பது இன்று உக்ரைனில் உள்ள லிவீவ் நகரின் பல்கலைக்கழகத்தில் யான் போவோஸ் அந்தோனியேவிச் பொறுப்பேற்ற இருக்கையின் ஆண்டு. கலை வரலாற்று இருக்கைகளில் காலவரிசைப்படி அது இரண்டாவது.

இவற்றோடு 1873-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நூல்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. கிராக்கோவ் அறிவியல் அகாடமி கலை வரலாற்றுக்கென ஒரு குழு அமைத்த ஆண்டு இது. ஓவியர் வுவாதிஸ்வாவ் வுஷ்ச்கியேவிச் இந்தக் குழுவின் தூண். நுண்கலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்று, பழைய தேவாலயங்களை அளந்து வரையவைத்தவர் அவர். வகுப்பறைப் பாடத்துக்கு வேண்டிய மூலப்பொருள் இத்தகைய களப்பணியிலும் திரண்டது. குழுவை விட்டுவிட்டால், சொகொவோவ்ஸ்கி வெறுங்கையோடு தொடங்கினார் என்ற பொய்யான தோற்றம் வந்துவிடும்.

வார்சாவில் ஏன் தொடங்கவில்லை என்று உங்கள் நெறியாளர் கட்டாயம் கேட்பார். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற சுதந்திர அரசே இல்லை. நாடு ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றிடமும் பிரிந்து கிடந்தது. வார்சாவின் போலிஷ் வழி உயர்கல்விக்கூடம் 1869-இல் மூடப்பட, அந்த இடத்தில் ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகம் வந்தது. பிரஷ்யாவின் பிடியிலிருந்த போஸ்னானில் 1919 வரை பல்கலைக்கழகமே கிடையாது. ஆஸ்திரியப் பகுதியான கலீசியாவுக்கு மட்டும் 1860-களில் தன்னாட்சி கிடைத்தது. 1870-இல் கிராக்கோவில் போலிஷ் மீண்டும் பயிற்றுமொழியாயிற்று. அதோடு, 1852-இலேயே ருடோல்ஃப் ஐட்டெல்பெர்கருக்குக் கலை வரலாற்று இருக்கை தந்த வியன்னா முன்மாதிரியாகக் கண்முன் இருந்தது.

ஆண்டுக் குழப்பத்துக்குப் பெரிய காரணம் பதவிப் படிகள். முதலில் ஹாபிலிட்டேஷன் என்னும் விரிவுரைத் தகுதி. அதைப் பெற்றவர் சம்பளமில்லாத பிரிவாட் டோசென்ட், மாணவர் கட்டணம்தான் வருமானம். பிறகு எக்ஸ்ட்ராஆர்டினரி (கீழ்நிலை) பேராசிரியர், கடைசியில் ஆர்டினரி (முழுநிலை) பேராசிரியர். ஒரே மனிதருக்கு இப்படி மூன்று நான்கு ‘தொடக்க’ ஆண்டுகள் வந்துவிடும். இருக்கை உருவான ஆண்டு இவற்றில் சேராத தனிக் கணக்கு. ஒவ்வொருவருக்கும் தகுதி, டோசென்ட், இரு பேராசிரியர் நிலைகள், இருக்கை என ஐந்து கட்டம் போட்ட அட்டவணை தயாரியுங்கள். நூல்கள் தரும் ஆண்டுகளை அதில் நிரப்பினாலே முரண்களில் பாதி மறைந்துவிடும். கல்வியாண்டு இலையுதிர்காலத்தில் தொடங்குவதால் ஓராண்டு முன்பின் வருவதும் இயல்பு.

ஆவணங்களைப் பொறுத்தவரை, யாகியெலோனிய மின்னூலகமும் போலந்து தேசிய நூலகத்தின் போலோனா தளமும் கட்டணமில்லாமல் திறக்கின்றன. முதலில் அச்சான விரிவுரைப் பட்டியல்களைத் தேடுங்கள். எந்தப் பருவத்தில் யார் எதை நடத்துவதாக இருந்தது என்பது அவற்றில் தெரியும், நினைவுக் கட்டுரைகளைவிட அவை நம்பகமானவை. தேடும்போது குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ (ł) எழுத்து தொல்லை தரும். ஸ்கேன் செய்த பக்கங்களில் கணினி அதைச் சாதாரண ‘எல்’ (l) என்றோ ‘டி’ (t) என்றோ படித்திருக்கும். பெயரை மூன்று விதமாகவும் இட்டுத் தேடுங்கள். அகாடமி குழுவின் அறிக்கைகள் சிறு பகுதிகளாக வெளிவந்து, பின்னர் தொகுதியாகக் கட்டப்பட்டவை. தொகுதியின் முகப்பிலுள்ள ஆண்டைக் கட்டுரையின் ஆண்டாக எடுத்துக்கொண்டால் பிசகிவிடும்.

பேராசிரியர் நியமனம் பேரரசரின் ஒப்புதலோடு நடந்ததால், அமைச்சகக் கோப்புகள் வியன்னாவில் இருக்கின்றன. அவை பழைய ஜெர்மன் கையெழுத்தான குர்ரெண்டில் எழுதியவை. அதில் ‘இ’ (e) எழுத்து ‘என்’ (n) போலவே தெரியும். பயிற்சி இல்லாமல் மேற்கோள் எடுக்காதீர்கள்.

இந்தத் துறை தேசியப் பெருமைக்காகவே பிறந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். கிராக்கோவ் மரியன்னை தேவாலயத்தில் 1477 முதல் 1489 வரை செதுக்கிய பலிபீடத்தின் சிற்பி வைட் ஷ்டோஸ் ஜெர்மானியரா போலந்துக்காரரா என்ற சண்டை நீண்டகாலம் நடந்தது உண்மை. ஆனால் சொகொவோவ்ஸ்கியே 1883-இல் ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஃபொன் குல்ம்பாஹ் கிராக்கோவுக்காக வரைந்த ஓவியங்களைப் பற்றித் தனி ஆய்வு எழுதினார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசினால் உங்கள் இயல் வலுப்பெறும்.

லிவீவ் பகுதிக்கு இன்னொரு குறிப்பு. ஊரை லுவூஃப், லெம்பெர்க் என்ற பெயர்களிலும் தேடுங்கள். 1945-க்குப் பின் நகரம் சோவியத் ஒன்றியத்துக்குப் போக, அந்தோனியேவிச்சின் மாணவரும் அவருக்குப்பின் வந்தவருமான வுவாதிஸ்வாவ் போத்லாகா போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகருக்கு இடம்பெயர்ந்தார். பல்கலைக்கழகத்தின் பழைய கோப்புகளோ லிவீவ் மாகாண அரசு ஆவணக் காப்பகத்தில், 26-ஆம் ஆவணத் தொகுதியில் (ஃபோண்ட்) உள்ளன. கடிதம் எழுதும்போது அந்தத் தொகுதி எண்ணைக் குறிப்பிடுங்கள்.