இத்தாலியில் வாடகைக் கார், கோவையில் அபராத நோட்டீஸ்

கேள்வி: சென்ற அக்டோபரில் தம்பி குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தோம். ரோமில் என் பெயரில் கார் வாடகைக்கு எடுத்து ஃபுளோரன்ஸ் போனோம். ஹோட்டல் பழைய ஊருக்குள் இருந்தது. டிசம்பரில் வாடகை நிறுவனம் என் கிரெடிட் கார்டிலிருந்து 45 யூரோ வீதம் இரண்டு முறை எடுத்தது. அபராதம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இப்போது ஃபுளோரன்ஸ் மாநகரக் காவல்துறையிடமிருந்து இரண்டு பதிவுத் தபால்கள் வந்திருக்கின்றன. ஒரே நாள் மாலை 6.12-க்கும் 6.40-க்கும் தடை செய்த பகுதிக்குள் கார் நுழைந்ததாம். தலா 83 யூரோ, தபால் செலவு தனி. அப்போது ஓட்டியவன் தம்பி. ஒப்பந்தத்தில் அவன் பெயர் இல்லை. மறுபடியும் கட்ட வேண்டுமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை விசா கிடைக்குமா? (கோவை வாசகர்)

பதில்: தபாலைக் கையெழுத்திட்டு வாங்கிய நாளிலிருந்து 5 நாட்களுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்ததால் இந்தப் பதிலின் முக்கியப் பகுதியை உங்களுக்கு மின்னஞ்சலில் முன்பே அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

டிசம்பரில் போன பணம் அபராதம் அல்ல. கேமராவில் பதிவான எண்ணை வைத்து காவல்துறை முதலில் வண்டியின் உரிமையாளரான வாடகை நிறுவனத்தைக் கேட்கும். நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் கொடுக்கும். அந்த வேலைக்கு நிறுவனம் வசூலிக்கும் கட்டணம்தான் 45 யூரோ. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு விதி இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள தொகையை விட அதிகம் எடுத்திருந்தாலோ, ஒரே நோட்டீஸுக்கு இரண்டு முறை எடுத்திருந்தாலோ வங்கியில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விதிப்படி எடுத்திருந்தால் அந்தப் பணம் திரும்பாது. ஆக, அபராதம் இன்னும் அப்படியே நிற்கிறது.

நோட்டீஸ் இவ்வளவு தாமதமாக வந்ததே செல்லாது என்று யாராவது சொல்லுவார்கள். இத்தாலியின் 1992-ஆம் ஆண்டு சாலைச் சட்டம், 201-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் தருகிறது. வாடகைக் கார் என்றால், வாடகைக்கு எடுத்தவரின் விவரம் காவல்துறைக்குக் கிடைத்த நாளிலிருந்தே பொதுவாக இதைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் நோட்டீஸ் கெடுவுக்குள்தான் வந்திருக்கிறது.

கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். இசட்.டி.எல். என்று இத்தாலியில் எல்லோரும் சொல்லும் இந்தத் தடைப் பகுதிக்குள் ஹோட்டல் இருந்தால், விருந்தினர் பெட்டிகளை இறக்க வண்டியைக் கொண்டுவரலாம். ஆனால் வண்டி எண்ணை ஹோட்டல்காரர்கள் மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நோட்டீஸில் உள்ள நேரத்தைப் பார்த்தால், 6.12-க்கு ஹோட்டலைத் தேடி நுழைந்து, பெட்டிகளை இறக்கி, வெளியே பார்க்கிங் தேடிச் சுற்றி 6.40-க்கு மறுபடி கேமராவைக் கடந்ததுபோல் தெரிகிறது. அன்று வரவேற்பறையில் வண்டி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்களா? வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நீங்கள் எண்ணை அனுப்பினீர்களா? ஆம் என்றால் இன்றே ஹோட்டலுக்கு எழுதி, எண்ணை எப்போது பதிவு செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு செய்திருந்தால் அதுவே உங்கள் வலுவான ஆதாரம். பதிவு செய்ய மறந்திருந்தால் அந்தப் பணத்தை ஹோட்டலிடம் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. நல்ல ஹோட்டல்கள் கொடுத்தும் விடுகின்றன.

ஆதாரம் இருந்தால் 60 நாட்களுக்குள் பிரிஃபெக்ட் என்னும் மாவட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் அவர் நிராகரித்தால் தொகை குறைந்தது இரண்டு மடங்காகும். நீதிமன்றம் போகலாம், அதற்கு ஆகும் நீதிமன்றக் கட்டணம், இத்தாலிய மொழி, அங்கே ஒரு வக்கீல் என்று பார்த்தால் 83 யூரோவுக்கு அது கட்டுப்படியாகாது. ஒன்றை மறக்காதீர்கள்: பணம் கட்டிவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும். ஹோட்டலின் பதில் வருவதற்குள் 5 நாள் கெடு முடிந்துவிடும் என்றால் எது லாபம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். 30 சதவீதம் போக தலா 58 யூரோ 10 சென்டில் முடிவது என் கண்ணுக்கு நல்ல முடிவாகவே படுகிறது.

இப்போது தம்பி விஷயம். "நான் ஓட்டவில்லை" என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அது நடக்காது. வாடகைக்கு எடுத்தவரும் ஓட்டியவரோடு சேர்ந்து பொறுப்பு என்று அதே சட்டத்தின் 196-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவர் ஓட்டினார் என்று நீங்களே எழுத்தில் கொடுத்தால் ஒப்பந்த மீறலும் சேர்ந்துகொள்ளும். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைத் தானாக எழுத வேண்டியதில்லை என்கிறேன். அபராதத்தை விட எனக்குக் கவலை தருவது இதுதான். அந்த மாலையில் தம்பி ஒரு பைக்கில் இடித்திருந்தால், சேதக் காப்பு எதுவும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. முழு காரின் விலைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது ஓட்டுநரின் பெயரைக் கவுன்டரில் சேர்க்கக் கூடுதலாகச் சில யூரோ கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

கட்டாமல் விட்டால்? 60 நாள் தாண்டினால் ஒவ்வொன்றும் 166 யூரோ ஆகும். மேற்கொண்டு வசூல் செலவும் சேரும். ஆனால் இந்திய நீதிமன்றம் மூலம் அதை வசூலிக்க வழி இல்லை. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 44-ஏ, வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே நிறைவேற்றும் வழியைச் சொல்கிறது. அதற்காக இந்தியா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இத்தாலி இல்லை. இருந்திருந்தாலும் அபராதம் அந்தப் பிரிவின் வரம்புக்குள் வராது. இது நிர்வாக அபராதம், குற்ற வழக்கு அல்ல. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் இதைப் பற்றிய கேள்வியும் இல்லை. உங்கள் இந்திய ஓட்டுநர் உரிமத்தில் எந்தக் கறையும் விழாது.

இத்தனையும் சொன்ன பிறகும் கட்டச் சொல்கிறேன். 5 ஆண்டு வரை அந்தப் பாக்கி உயிரோடு இருக்கும். அதற்குள் மறுபடி இத்தாலி போகும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறது. அதோடு, உள்ளே நுழைந்தது உண்மைதானே? அந்தக் குறுகலான தெருக்களில் நடப்பவர்களுக்காகத்தான் அந்தத் தடையே.

நோட்டீஸில் உள்ள இணையதளத்தில் அறிக்கை எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்தால் உங்கள் காரின் புகைப்படம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கார்டில் கட்டுங்கள்; வங்கி வழியே அனுப்பினால் கெடு தாண்டக்கூடும். படமும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மாநகராட்சியின் பெயரைச் சொல்லிப் போலி நோட்டீஸ் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த பயணத்துக்கு: பலகையில் சிவப்பு வளையம் இட்ட வெள்ளை வட்டம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி ஹோட்டலை அழையுங்கள். கூகுள் மேப்ஸை நம்பி உள்ளே போகாதீர்கள். ஃபுளோரன்ஸில் வார நாட்களில் காலை 7.30 முதல் இரவு 8 வரை தடை. கோடையில் சில இரவுகளிலும் உண்டு. தடைப் பகுதிக்கு வெளியே காரை விட்டுவிட்டு ட்ராமில் வருவதே நல்லது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இத்தாலியில் இந்திய உரிமம் மட்டும் போதாது. அனுமதியோ அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்போ இல்லாமல் ஓட்டினால் அபராதமே 408 யூரோவில்தான் தொடங்குகிறது. கவுன்டரில் கேட்காமல் சாவியைக் கொடுத்திருப்பார்கள். சாலையில் காவலர் கேட்பார். பரிவாஹன் தளத்தில் படிவம் 4-ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டி, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். ஓராண்டு செல்லும், அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். தம்பிக்கும் தனியாக ஒன்று வாங்குங்கள்.

பணம் கட்டிய ரசீதுகளை இரண்டு நோட்டீஸ்களோடும் தபால் உறைகளோடும் சேர்த்து 5 ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.