டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொன்னது யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 32. வீடு கோலாலம்பூர் செந்தூலில். ஐந்து வருடமாக ஆங்கில மேடை இசைநாடகம் ஒன்றில் ஆடிப் பாடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். மணிலா, சியோல், ஷாங்காய், சிங்கப்பூர் என்று ஓர் ஊரில் மூன்று வாரம், இன்னோர் ஊரில் ஆறு வாரம். வாரத்துக்கு 8 காட்சி. திங்கட்கிழமை மட்டும் லீவு. அன்றைக்குத் துணி துவைத்துத் தூங்கி எழுந்தால் செவ்வாய் வந்துவிடும்.

இந்த ஐந்து வருடத்தில் என் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

என்னோடு இருக்கும் பிலிப்பினோ பெண்ணுக்கு மணிலாவில் இரண்டு வரிசை முழுக்கச் சொந்தக்காரர்கள். பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காட்சி முடிந்ததும் அரங்கின் பின்வாசலில் ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. அந்தப் பாட்டி என் கையிலும் ஒரு துண்டு கேக்கை வைத்தார். ஓரமாக நின்று சாப்பிட்டேன்.

என் வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? தீபாவளிக்குப் பெட்டியோடு வந்து இறங்கினால், "டான்ஸ் ஆடறவ வந்துட்டா" என்பான் அண்ணன். என் அறையில் இப்போது அவன் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், கட்டிலில் மடிக்காத துணி மூட்டை. எனக்கு ஹாலில் பாய். அண்ணி நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் தங்க வருகிறவளுக்குக் கட்டிலைக் காலி செய்து கொடுக்கக்கூடாதா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் படம் போட்டால் ஒரு கட்டைவிரல் விழும், அதுவும் சித்தப்பாவுடையது. அண்ணன் மகன் கராத்தேயில் பச்சை பெல்ட் வாங்கினான், வாழ்த்து நிற்கவே இல்லை. அத்தைக்கு ஒரே கேள்வி: "டிவியில எப்ப வருவ?" அடுத்தது கல்யாணம்.

நான் சும்மா கூட்டத்தில் கைதட்டிக்கொண்டு நிற்பவள் இல்லை அக்கா. ஒன்பது பேருடைய ஆட்டமும் பாட்டும் எனக்கு அத்துப்படி. ஒன்பது நிறப் பேனாவில் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். மேடை விளிம்பில் எண்கள் ஒட்டியிருக்கும். 4-ஆம் எண்ணில் நிற்பவள் எந்த வரியில் 8-க்கு நகர்கிறாள், எந்தக் கையில் குடை, எல்லாம் அதில் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒருத்திக்கு முதல் பாதி முடியும் நேரம் கணுக்கால் பிசகிவிட்டது. இடைவேளைக்குள் விக் மாட்டி, கன்னத்தில் மைக் ஒட்டி, இரண்டாம் பாதி முழுக்க அவள் இடத்தில் நான் ஆடினேன். ஓர் அடி தப்பவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. அன்று இரவு வீட்டுக்குப் போன் போட நினைத்தேன். போட்டு என்ன ஆகப்போகிறது?

பக்கத்திலிருக்கும் சிங்கப்பூருக்குக்கூட ஒருவர்கூட வரவில்லை. அதாவது, அம்மா, அண்ணன் குடும்பம், சித்தப்பா, சித்தி என்று ஏழு பேர் ஒரு சனிக்கிழமை வருவதாகத்தான் இருந்தது. அண்ணன் வேனுக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டான். நான்தான் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தீரவில்லை. அன்றைக்கு நான் மேடையில் இல்லை, ஸ்விங் என்றால் அப்படித்தான். அதை விடுங்கள். உண்மையாகவே ஆசை இருந்தால் வேறு நாளில் வந்திருக்கலாம் இல்லையா?

அம்மாவை நினைத்தால்தான் அதிகம் வலிக்கிறது. கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் 11 வருடம் ரிலீஃப் டீச்சராக இருந்தவர். படிப்பின் அருமை தெரிந்தவர். டிகிரி முடித்துவிட்டு நான் இப்படித் திரிவது அவருக்கு ஏமாற்றம்தான். வாயால் சொல்ல மாட்டார், முகத்தில் தெரியும்.

வரும் மார்ச்சில் எங்கள் நாடகம் கோலாலம்பூருக்கே வருகிறது, இஸ்தானா புடாயாவில் இரண்டு வாரம். செந்தூலிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐந்து வருடமாக ஒருவர்கூட வரவில்லை, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லாமலே ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. சரிதானே அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல்

*

அன்புள்ள தங்கைக்கு,

சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

'ஒருவர்கூட வரவில்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் பொய் என்று சொல்ல மாட்டேன். பாய், துணி மூட்டை, ஒற்றைக் கட்டைவிரல் எல்லாம் வலிக்கத்தான் செய்யும். அண்ணனின் கிண்டலும் தப்புத்தான். ஆனால் அவற்றில் எதையும் இன்று நான் எடுக்கப் போவதில்லை. நடுவில் நாலு வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டு 'அதை விடுங்கள்' என்றீர்களே, அதை விட எனக்கு மனமில்லை.

ஏழு பேர் வரக் கிளம்பினார்கள். செந்தூலிலிருந்து சிங்கப்பூருக்கு வேனில் ஐந்தாறு மணி நேரம், ஜொகூர் பாலத்து நெரிசல் தனி. அதற்கும் தயாராக இருந்தார்கள். கிண்டல் செய்கிற அதே அண்ணன்தான் முன்பணம் கொடுத்தார். கதவைச் சாத்தியவர் நீங்கள். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து, யாரும் தட்டவில்லை என்று வருடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஹவுஸ்ஃபுல் என்று மகளே சொன்ன பிறகு, 'வேறு நாளில் வந்திருக்கலாமே' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? கொஞ்சம் காட்டமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் 'ஸ்விங்' என்ற சொல் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் அந்த நாலு வரிக்குள். வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பெரிய இசைநாடகங்களில் தினசரி நடிகர் வரிசையில் இல்லாமல், பல பேருடைய ஆட்டத்தையும் கற்று வைத்துக்கொண்டு, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அந்த இடத்தில் ஏறுகிறவரை ஸ்விங் என்பார்கள். சில சமயம் நடுக்காட்சியில்கூட ஏற வேண்டியிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாத இரவில் அவருக்கு மேடை இல்லை.

ஒன்பது பேனாவைப் பற்றிப் பெருமையாக எழுதிய உங்களுக்கு, இதை மட்டும் எழுதக் கை வரவில்லை. ஏழு பேரும் இரண்டரை மணி நேரம் மேடையில் உங்கள் முகத்தைத் தேடிவிட்டு வெளியே வந்தால் அண்ணன் என்ன கேட்பார் என்று உங்களுக்கு மனப்பாடம். அவர் கேட்கும் முன்பே நீங்களே உங்களிடம் அதைக் கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வேலையை இளப்பமாகப் பார்ப்பவர் பட்டியலில் முதல் பெயர் அண்ணனுடையதா, உங்களுடையதா?

ஆறுதலுக்கு என்று உங்களிடம் சிலர் ஹாலிவுட் நடிகை ஷெர்லி மெக்லெய்ன் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1954-ல் நியூயார்க்கில் முக்கிய நடிகை ஒருவருக்குக் காலில் அடிபட, மாற்றாக ஏறிய ஷெர்லியை ஒரு படத் தயாரிப்பாளர் பார்த்துவிட்டார், அப்புறம் ஹாலிவுட். உண்மைதான், ஆனால் எனக்கு அந்தக் கதை பிடிக்காது. நட்சத்திரம் ஆனால்தான் காத்திருந்ததற்கு மதிப்பு என்று அது சொல்லாமல் சொல்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகு தேடிப் படித்ததில் இன்னொன்று கிடைத்தது. 2021 டிசம்பர், நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் கொரோனாவால் நாயகி வர முடியாத நாள். எட்டு வேடங்களுக்கு மாற்றாக இருந்த கேத்தி வோய்ட்கோ அன்று நாயகியாக ஏறினார். முடிவில் நாயகனாக நடித்த ஹியூ ஜேக்மன் அவரை முன்னால் நிறுத்தி, பிராட்வேயின் அடித்தளமே இவரைப் போன்ற மாற்று நடிகர்கள்தான் என்று பேசினார். அந்தப் பேச்சைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அன்றைக்குக் காட்சி ரத்தாகவில்லை என்பது.

உங்கள் சிக்கலில் பாதி, சொல் இல்லாத சிக்கல். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. உங்கள் வேலைக்கு நம் பேச்சில் பெயர் இல்லை. அத்தையிடம் என்னவென்று சொல்வது?

ஆனால் உங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். ரிலீஃப்.

'படிப்பின் அருமை தெரிந்தவர்' என்று அம்மாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ரிலீஃப் டீச்சர் என்றால் என்ன? யாரோ ஒருவர் பிரசவத்துக்குப் போன வகுப்பு. நேரப் பலகையில் அவர் பெயர். "எங்க டீச்சர் எப்ப வருவாங்க?" என்று முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்கும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் பெயரெல்லாம் மனத்தில் நிற்கத் தொடங்கும்போது விடுப்பு முடிந்துவிடும், அடுத்த பள்ளி. ஆண்டு இறுதிக் குழுப்படம் எடுக்கும்போது எத்தனை பள்ளிகளில் உங்கள் அம்மா இருந்திருப்பார்? கேட்டிருக்கிறீர்களா? உங்கள் வேலையை விளக்கவே தேவையில்லாத ஆள் அந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அவர் முகத்தில் தெரிவது ஏமாற்றம் என்று நீங்களாக எழுதிக்கொண்டது. மகள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்ற வருத்தமாகவும் அது இருக்கலாம்.

கேட்டதும் அவர் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நான் உறுதி சொல்லவில்லை. பொய் சொன்னாயே என்று இரண்டு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும்.

மார்ச் வரை தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் போன் போடுங்கள். டிக்கெட் தீரவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். கணுக்கால் பிசகிய இரவின் கதை இரண்டாவது.

எந்த நாளுக்குக் கூப்பிடுவது, அன்று நான் ஏறாவிட்டால் என்று கேட்பீர்கள். ஏறாத நாளுக்கே கூப்பிடுங்கள். ஸ்விங்குகள் அவ்வப்போது பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து காட்சியைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள் என்று படித்தேன். மேடை மேலாளரிடம் அனுமதி கேட்டு, அப்படி ஓர் இரவில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள், மடியில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு. "அதோ 8-ல நிக்கிறா பாருங்கம்மா, அது என் பச்சைப் பேனா" என்று காதோடு சொல்லுங்கள். பாட்டு நடக்கும்போது வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை வேனுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வந்ததா என்று அண்ணனிடம் கேளுங்கள். வராவிட்டால் அவருடைய டிக்கெட் உங்கள் செலவு.

அன்புடன்,
அக்கா